வாசலில் ஒரு வீணை: வாசகர் கேள்வி, என் பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் கொடுமுடிக்குப் போய்வந்த கதையைப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கே.பி.சுந்தராம்பாள் ஊர் என்பதற்காகவே போனேன், சாமி கும்பிட்டது அப்புறம்தான் என்றும் ஒப்புக்கொண்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பாடகர்கள் வாழ்ந்த தெருவைத் தேடி அலைகிற ஆள் நான் மட்டும் இல்லை என்று தெரிகிறது. சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடலாம்.

அம்மாவுக்கு 74 வயது. எம்.எஸ். பாட்டு இல்லாமல் எங்கள் வீட்டில் பொழுது விடியாது. எம்.எஸ்ஸோடு சம்பந்தப்பட்ட இடங்களை அம்மாவுக்கு ஒரு தடவையாவது காட்டிவிட ஆசை. எங்கே ஆரம்பிப்பது? முழங்கால் வலி உண்டு என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.
*– திண்டுக்கல் வாசகி*

மதுரையில்தான், வேறு எங்கே? அவர் பெயரில் முதல் எழுத்தே மதுரைதான். இரண்டாவது எழுத்து அம்மா சண்முகவடிவு. அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொள்கிற ஊரில் ஊர்ப்பெயரும் அம்மா பெயரும் சேர்ந்து உலகம் முழுக்கப் போயிருக்கின்றன, அதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

1916 செப்டம்பர் 16-ல் எம்.எஸ். பிறந்து வளர்ந்தது அனுமந்தராயன் கோயில் தெருவில். மீனாட்சி கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம், ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு ஆட்டோதான் சரி. வீட்டு முகப்பில் ஒரு வீணை இருக்கும், அதுதான் அடையாளம். அது நினைவில்லம் கிடையாது, உள்ளே போய்ச் சுற்றிப்பார்க்க முடியாது, டிக்கெட் கவுன்டரெல்லாம் இல்லை. நான் முதல் தடவை போனபோது அந்த வீட்டைத் தாண்டி இரண்டு முறை நடந்துவிட்டேன். மூன்றாவது முறை ஒரு டீக்கடையில் கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தாமல், "தலையைத் தூக்கிப் பாருங்க, கீழேயே பாத்துட்டுப் போனா எப்படித் தெரியும்?" என்றார். தூக்கிப் பார்த்தேன். கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போகிற ஒயர்களுக்குப் பின்னால் வீணை இருந்தது. அவ்வளவுதான் பார்க்க இருப்பது. ஒரு நிமிஷத்தில் பார்த்து முடித்துவிடலாம்.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டை மட்டும் பார்க்கப் போகாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். அந்தச் சின்னப் பெண்ணின் காதில் என்னென்ன விழுந்திருக்கும் என்று தேடிப் போங்கள். வீட்டுக்குள் அம்மாவின் வீணை. பாட்டி அக்கம்மாள் பிடில் வாசித்தவர், அண்ணன் சக்திவேல் மிருதங்கம், தங்கை வடிவாம்பாள் வீணை. வெளியே வந்தால் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர் வைத்த வீதிகள், அவற்றில் சுவாமி புறப்பாடு, கூடவே நாகஸ்வரம். அப்புறம் கிராமபோன். அதில் பாட்டைக் கேட்டுவிட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதற்குள் பாடிப் பாடி விளையாடுவாராம். பத்து வயதில் நிஜ இசைத்தட்டிலேயே பாடிவிட்டார். ஆகவே சாயங்காலம் புறப்பாடு உள்ள நாளாகப் பார்த்துப் போய், மாசி வீதி ஓரத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி அம்மாவை உட்கார வையுங்கள். எந்தக் கடையிலும் தருவார்கள், மதுரைக்காரர்கள் இதில் கணக்குப் பார்ப்பதில்லை.

அடுத்து வடக்கு வெளி வீதியில் சேதுபதி பள்ளி. 1904-ல் சில மாதங்கள் பாரதியார் தமிழாசிரியராக இருந்த பள்ளி என்றுதான் எல்லோரும் போய்ப் பார்ப்பார்கள். எம்.எஸ். ரசிகர்களுக்கு அங்கே இன்னொரு கதை உண்டு. அங்கே சண்முகவடிவின் வீணைக் கச்சேரி. மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி, கை காலைத் துடைத்து, உள்ளே கொண்டுபோய்ப் பாடு என்றார்கள். பாடியது. கைதட்டினார்கள். மண் விளையாட்டு பாதியில் நின்றுவிட்டதே என்பதுதான் அப்போது அதற்குக் கவலை. பெரியவரான பிறகு எம்.எஸ்ஸே நினைவுகூர்ந்த சம்பவம் இது. அது வேலை நாளில் பள்ளிக்கூடம், வாசலில் நின்று பார்ப்பதோடு திருப்திப்படுங்கள்.

மீனாட்சி கோயிலுக்குள் போனால் வடக்கு ஆடி வீதியில் இசைத்தூண்கள் இருக்கின்றன, ஒரே கல்லில் செதுக்கிய மெல்லிய தூண்களின் கொத்து. கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை, முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். எம்.எஸ். பாட்டைப் போட்டுக்கொண்டே பிராகாரம் சுற்றலாம் என்று அவர் கற்பனை செய்து வைத்திருந்தால் வாசலில் தகராறு ஆகிவிடும். என் பெரியம்மா விஷயத்தில் ஆனது.

சென்னைக்கு வரும்போது திருநீர்மலையை விட்டுவிடாதீர்கள். பல்லாவரத்துக்குப் பக்கம். 1940 ஜூலையில் எம்.எஸ்ஸுக்கும் சதாசிவத்துக்கும் அங்கேதான் கல்யாணம் நடந்தது. திருமங்கையாழ்வார் பாடிய தலம், பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நாலு கோலத்தில் காட்சி தருகிறார். அதில் நின்ற கோலம், நீர்வண்ணப் பெருமாள், மலையடிவாரக் கோயிலிலேயே இருக்கிறார். மற்ற மூன்றுக்கும் படியேற வேண்டும். அம்மாவைக் கீழே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் ஏறி வாருங்கள். சினிமாக் கல்யாணங்கள் நிறைய எடுத்த கோயில் என்பதால் முதல் முறை போகிறவருக்கும் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கும்.

கீழ்ப்பாக்கத்தில் அவர்கள் வாழ்ந்த கல்கி தோட்டம் வீட்டைத் தேடி அலைய வேண்டாம், அதை அவர்கள் காலத்திலேயே விற்றுவிட்டார்கள். பிறகு வள்ளுவர் கோட்டம் பக்கம், கடைசியில் கோட்டூர்புரம். உலகம் கொண்டாடிய ஒருவர் பெரிய தோட்ட வீட்டிலிருந்து படிப்படியாகச் சின்ன வீட்டுக்கு வந்த கதை அது, காரணம் ஊருக்கே தெரியும்: கச்சேரிப் பணமும் இசைத்தட்டுப் பணமும் தர்மத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. வீடுகளைத் தேடுவதற்குப் பதிலாக மியூசிக் அகாடமிக்குப் போங்கள், அதுவும் மார்கழியில். 1968-ல் சங்கீத கலாநிதி பட்டத்தை வாங்கிய முதல் பெண் அவர்தான். கச்சேரி டிக்கெட் கிடைக்காவிட்டால் கேன்டீனில் ஒரு காபி குடித்துவிட்டு வந்தாலும் பாதிப் பலன் உண்டு.

கடைசியாகத் திருப்பதி. அம்மா காலையில் கேட்கிற சுப்ரபாதம் 1963-ல் வெளிவந்த இசைத்தட்டு, அதன் ராயல்டியை வேத பாடசாலைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். கீழ்த் திருப்பதியில் பூர்ணகும்பம் சர்க்கிளில் தம்பூராவோடு உட்கார்ந்திருக்கும் எம்.எஸ்ஸின் வெண்கலச் சிலை இருக்கிறது. மலைக்கு மேலே கோயிலுக்குள் உண்டியல் பக்கம் ஒரு சின்ன அறை உண்டு, அன்னமய்யாவின் கீர்த்தனைகள் செதுக்கிய செப்பேடுகள் பல நூறு வருஷம் கிடந்த அறை. கூட்டம் தள்ளிக்கொண்டு போகும், யாரும் நின்று பார்ப்பதில்லை. தேவஸ்தானத்துக்காக அந்தக் கீர்த்தனைகளை எம்.எஸ். பாடிக்கொடுத்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. தெலுங்கு உச்சரிப்பில் ஒரு எழுத்து பிசகக்கூடாது என்று புதுப் பாட்டுகளாக உட்கார்ந்து பாடம் பண்ணினார். அம்மாவுக்கு அந்த அறையைக் காட்டுங்கள். காட்ட இரண்டு விநாடிதான் கிடைக்கும்.

உங்கள் பேச்சைக் கேட்டுக் கொடுமுடி போனேன். பக்கத்து ஊர்தான் என்பதால் பஸ் செலவு அதிகமில்லை, இல்லாவிட்டால் உங்களிடம் கேட்டிருப்பேன். கே.பி.எஸ். பற்றி அங்கே ஒன்றுமே இல்லையே?
*– கரூர் வாசகர்*

பஸ்ஸில் போனீர்களா, அதுதான் தப்பு. ரயிலில் போயிருக்க வேண்டும்.

கேலி செய்யவில்லை. கரூர்–ஈரோடு பாசஞ்சரில் ஏறிக் கொடுமுடியில் இறங்கிப் பாருங்கள். அந்த அம்மாவின் பாட்டு வாழ்க்கை ரயிலில்தான் ஆரம்பித்தது என்று சொல்வார்கள். வீட்டில் வறுமை, பெண் குழந்தை ரயிலில் பாடிக் காசு வாங்குகிறது, அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எஃப்.ஜி.நடேசய்யர் நாடகக் கம்பெனிக்கு வழிகாட்டினார் என்பது கதை. நடேசய்யர் ரயில்வே அதிகாரி, திருச்சியில் நாடகப் பித்தர். ரயில் எஞ்சின் சத்தத்துக்கும் சக்கரச் சத்தத்துக்கும் மேலே ஒரு குழந்தை பாடினால் அது எந்தச் சுருதியில் பாடியிருக்க வேண்டும்? அதைத்தான் ரயிலில் உட்கார்ந்து யோசிக்கச் சொல்கிறேன். பின்னால் ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்டது என்றால் அது சும்மா வரவில்லை.

ஊருக்குள் என்ன பார்ப்பது என்றால், ஆறு. தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கிற காவிரி கொடுமுடியில்தான் கிழக்கே திரும்புகிறது. மகுடேசுவரர் கோயில் படித்துறையில் காலை ஆறு மணிக்கு உட்காருங்கள். திதி கொடுக்க வந்தவர்கள், ஈரவேட்டியோடு திட்டிக்கொண்டே பிள்ளைகளைத் தேடுகிறவர்கள், சர்க்கரைப்பொங்கல் வாசனை. கோயிலில் சிவன், பெருமாள், வன்னி மரத்தடியில் பிரம்மா, மூன்று பேரும் ஒரே மதிலுக்குள். சுந்தரர் பதிகம் பாடிய தலம் இது. உன்னை நான் மறந்தாலும் என் நாக்கு நமச்சிவாய என்று சொல்லிக்கொண்டிருக்கும் என்று ஒவ்வொரு பாட்டும் முடிகிற பதிகம். நாக்கு தானாகச் சொல்லும் என்று ஒருவர் பாடிய ஊரில் 1908-ல் அந்த அம்மா பிறந்தார் என்பதைக் கோயில் சுவரில் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பக்கத்தில் நின்றவர் வழிவிடச் சொன்னார், விட்டேன்.

கே.பி.எஸ். கதையில் கொடுமுடிக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. எஸ்.ஜி.கிட்டப்பாவும் அவரும் கொழும்பில் நாடகத்தில் சேர்ந்து நடித்தார்கள், பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை, இந்த அம்மாவுக்கு 25. அன்றைக்கு உடுத்த வெள்ளைப் புடவைதான், 1980-ல் சாகிறவரை. மேடையே வேண்டாம் என்று இந்த ஊரில் வந்து உட்கார்ந்துவிட்டவரை வெளியே கொண்டுவரத்தான் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் பேசினார்கள், 1935-ல் வந்த 'பக்த நந்தனா'ருக்காக. அந்தக் காலத்து லட்சம். ஆண் வேஷம்தான் போடுவேன் என்று நந்தனாராகவே நடித்தார், வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். 'திருவிளையாடல்' பார்த்துவிட்டு அவரை ஔவையாராக மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள், அந்த விபூதிக்கும் வெள்ளைப் புடவைக்கும் மேக்கப் செலவு இருந்திருக்காது என்பதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். சரி. திரும்ப ஒருமுறை ரயிலில் போய்விட்டு எழுதுங்கள். டிக்கெட் காசு நான் தரமாட்டேன்.

பாகவதருக்குத் திருச்சியில் மணிமண்டபம் கட்டியிருக்கிறார்களே, பார்க்கலாமா?
*– சென்னை வாசகர்*

தாராளமாக. ஆனால் அது புதுக் கட்டடம், சில வருஷத்துக்கு முன்னால்தான் திறந்தார்கள். அதைப் பார்த்த கையோடு சங்கிலியாண்டபுரத்துக்கும் போங்கள், எம்.கே.டி. என்கிற தியாகராஜ பாகவதரின் சமாதி அங்கே இருக்கிறது. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போய், திரும்பி வந்து, 1947-ல் விடுதலை. தியேட்டருக்குள் இவர் பாடுகிறார், ஜனங்கள் உருகுகிறார்கள், ஆள் ஜெயிலில். இந்த மாதிரி ஒரு கதையை எந்தக் கதாசிரியரும் எழுதத் துணிய மாட்டார். 1959-ல் ஐம்பது வயதுக்குள்ளாகவே போய்விட்டார்.

அப்புறம் திருச்சியில் ரசிக ரஞ்சனி சபாவையும் பார்த்துவிடுங்கள். பையனாக இருந்த பாகவதரை அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக மேடையேற்றியவர் யார் தெரியுமா? மேலே கரூர்க்காரருக்குச் சொன்னேனே, அதே ரயில்வே நடேசய்யர்தான், அந்தச் சபாவைத் தொடங்கியவரும் அவரே. ஒரே மனிதர் காதில் இரண்டு குரல். இவருக்குத்தான் யாரும் மணிமண்டபம் கட்டவில்லை.

எதற்கு சார் இந்த அலைச்சல்? பாட்டு போனில் இருக்கிறது. வீட்டில் ஃபேனைப் போட்டுக்கொண்டு கேட்டால் ஆகாதா?
*– திருப்பூர் வாசகர்*

ஆகும். நானும் அப்படித்தான் கேட்கிறேன், வருஷத்தில் 350 நாள்.

திருவையாறு ஆராதனைக்கு ஒவ்வொரு வருஷமும் போகிறோம். பஞ்சரத்னம் முடிந்ததும் கிளம்பிவிடுவோம். பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதி அங்கே இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. எங்கே?
*– சென்னையிலிருந்து ஒரு சங்கீத ஆசிரியை*

இத்தனை வருஷம் அந்த அம்மாளின் முன்னால் உட்கார்ந்துதான் பாடியிருக்கிறீர்கள். தியாகராஜர் சன்னதிக்கு எதிர்ப்பக்கம், அவரைப் பார்த்தபடி சிலை வடிவில் உட்கார்ந்திருக்கிறார். கூட்ட நாளில் பந்தலும் மைக் கம்பமும் மறைத்திருக்கும். வேறொரு சாதாரண நாளில் போங்கள், அதுவும் சாயங்காலம். நான் போனது ஒரு ஆவணி மாத செவ்வாய்க்கிழமை. அங்கே இருந்தது நானும் ஒரு நாயும்தான். காவிரியில் தண்ணீர் நிறைய ஓடியது, ஒரே சத்தம் அதுதான்.

தியாகராஜர் 1847-ல் காலமானார். பிற்காலத்தில் அந்த இடம் கவனிப்பாரில்லாமல் கிடந்தது. 1920-களில் அதை வாங்கித் தன் நகையையும் சொத்தையும் போட்டுக் கோயில் எழுப்பியவர் நாகரத்தினம்மாள். கட்டிய பிறகு என்ன நடந்தது என்றால், ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். காசு போட்டுக் கட்டியவரே பாட முடியாது. அவர் அழுதுகொண்டு ஊருக்குப் போகவில்லை, சன்னதிக்குப் பின்பக்கம் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஒரு ஆராதனை ஆரம்பித்துவிட்டார். தனித்தனிக் கோஷ்டிகள் ஒன்றாகச் சேர 1940 வரை ஆனது. 1952-ல் அவர் காலமானதும் அங்கேயே சமாதி வைத்தார்கள்.

நீங்கள் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதால் ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் பெண் பிள்ளைகளை ஆராதனைக்கு அழைத்துப்போகும்போது, பாடி முடித்ததும் அப்படியே திரும்பி உட்காரச் சொல்லி, எதிரே இருப்பது யார் என்று கேளுங்கள். எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று எனக்கும் எழுதுங்கள். திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீடு இருந்த இடம் இருக்கிறது, இப்போது இருப்பது புதிதாகக் கட்டியது. பழைய வீடு அப்படியே இருக்கும் என்று நினைத்துப் போய்விட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

மகன் மான்செஸ்டரில் இருக்கிறான். பீட்டில்ஸ் பைத்தியம். நான் அங்கே போகும்போது லிவர்பூல் அழைத்துப்போகிறேன் என்கிறான். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. போகலாமா, வீட்டிலேயே சமைத்துக்கொண்டு இருந்துவிடவா?
*– தஞ்சாவூர் வாசகி*

போங்கள்! மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். சமையலை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

பாட்டு தெரியாவிட்டாலும் இரண்டு வீடுகளைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஃபோர்த்லின் ரோடு 20-ஆம் எண், பால் மெக்கார்ட்னி குடும்பம் குடியிருந்தது. நம் ஊர் ஹவுசிங் போர்டு வீடு மாதிரி நகரசபை கட்டிக்கொடுத்த வரிசை வீடு. இன்னொன்று 'மென்டிப்ஸ்', ஜான் லெனன் அவருடைய பெரியம்மா மிமியோடு வளர்ந்த வீடு, இது கொஞ்சம் வசதியானது. இரண்டையும் இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு வைத்துக் காப்பாற்றுகிறது. அரண்மனையும் கோட்டையும் பராமரிக்கிற அமைப்பு அது, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் 1950-களில் இருந்த மாதிரி தேடிப்பிடித்து வைத்திருக்கிறார்கள். சின்ன வேனில் பதினைந்து பேர் அளவுக்குத்தான் கூட்டிப்போவார்கள், முன்பதிவு கட்டாயம், உள்ளே படம் எடுக்கக்கூடாது. மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மென்டிப்ஸ் வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன முகப்பு இருக்கிறது, நம் வீட்டுத் திண்ணையை அடைத்தால் எப்படி இருக்கும் அப்படி. வீட்டுக்குள் கிட்டார் சத்தம் பிடிக்காமல் பெரியம்மா பையன்களை அங்கே துரத்திவிடுவாராம். அங்கே எதிரொலி நன்றாக இருந்ததால் அவர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. பெரியம்மாக்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

இதை எழுதும்போது வயிறு எரிகிறது என்பது உண்மை, அனுமந்தராயன் கோயில் தெரு ஒயர்களை நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்களும் ரொம்ப யோக்கியர்கள் இல்லை. பீட்டில்ஸ் முதலில் பாடிப் பெயர் வாங்கிய கேவர்ன் கிளப்பை 1973-ல் மூடி இடித்துவிட்டார்கள், இப்போது மேத்யூ தெருவில் நீங்கள் பார்க்கப்போவது 1984-ல் திரும்பக் கட்டியது. இடித்த பிறகுதான் அருமை தெரிந்தது. அந்த விஷயத்தில் நாம் தனி ஆள் இல்லை.

டி.எம்.எஸ்., எஸ்.பி.பி. இருவருக்கும் எங்கே போவது? ஒரு வரியில் சொல்லவும்.
*– விழுப்புரம் வாசகர்*

டி.எம்.எஸ். மதுரைக்காரர், முனிச்சாலையில் 2023-ல் அவருக்குச் சிலை திறந்தார்கள், எம்.எஸ். வீடு தேடிப் போகிறவர்கள் அப்படியே ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துப் பார்த்துவிடலாம். எஸ்.பி.பி.யை அடக்கம் செய்தது திருவள்ளூர் பக்கம் தாமரைப்பாக்கத்தில், அது அவர்கள் குடும்பத்தின் பண்ணை, அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொண்டு போவதே மரியாதை. நெல்லூரில் இருந்த தன் பூர்வீக வீட்டை 2020 தொடக்கத்தில் வேத பாடசாலைக்காகக் காஞ்சி மடத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வரி கேட்டீர்கள், மூன்றாகிவிட்டது.

எனக்குப் பிடித்த பாடகர் பிறந்த வீட்டை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். படம் எடுக்கும்போது அங்கே இப்போது குடியிருப்பவர் வெளியே வந்து சத்தம் போட்டார். ஊர் முன்னால் அவமானமாகிவிட்டது. என் மேல் என்ன தப்பு?
*– பெயர் வேண்டாம் என்ற வாசகர்*

அவர் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஆள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் அவர் வேறு என்ன செய்வார்? வங்கியிலிருந்து ஜப்திக்கு வந்த ஆள் என்றுகூட நினைத்திருப்பார். எனக்கும் நடந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பழைய வித்வான் ஒருவர் வீட்டுத் திண்ணையைப் படம் எடுக்கப்போய், நிலம் அளக்க வந்தவன் என்று நினைத்து நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதலில் படம் எடுப்பதில்லை. தெருமுனைக் கடையில் ஏதாவது வாங்குவேன், வாழைப்பழமாவது. யார் வீடு என்று கேட்பேன். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தெரிந்த கிழவர் ஒருவரைக் கூப்பிடுவார். கிழவர் வந்துவிட்டால் கவலையில்லை, அவரே கதவைத் தட்டி, "அம்மா, பாட்டுக்காரர் வீடு பாக்க வந்திருக்காங்க" என்று சொல்லிவிடுவார். பல தடவை மோர் கிடைத்திருக்கிறது. படம் எடுக்கட்டுமா என்று மோர் குடித்த பிறகு கேட்டால் யாரும் மறுத்ததில்லை.

உயிரோடு இருக்கிற பாடகர்கள் வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே போகவே போகாதீர்கள்.

அடுத்து எந்த ஊர்?
*– நாகர்கோவில் வாசகி*

செங்கோட்டை. கிட்டப்பா ஊர். கொடுமுடியைப் பார்த்துவிட்டு அதைப் பார்க்காமல் இருப்பது பாதிக் கதையில் எழுந்துவந்த மாதிரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது, எதைப் பார்ப்பது என்று யாரிடமும் விசாரிக்கவில்லை, வாழைப்பழக் கடையில் ஆரம்பிக்க வேண்டியதுதான். பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாகிவிட்டது. மேல் பெர்த் கிடைத்திருக்கிறது, விடிகாலையில் மலை தெரிய ஆரம்பிக்கும்போது கீழே ஜன்னல் ஓரத்தில் இருப்பவர் எழுந்து எனக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும்.